டீப் ரெட் ப்ளூரே: ஆங்கிலத்தில் ஓடும் படம் நடுவில் இத்தாலியனுக்கு மாறுகிறது, உதவுங்கள்

வினோத்_கோவை:
நண்பர்களே, கொஞ்சம் அவசரம். இத்தாலிய இயக்குநர் டாரியோ ஆர்ஜெண்டோவின் திகில் படமான டீப் ரெட் டிஸ்க் அக்கா மூலமாகக் கைக்கு வந்தது. ஆங்கிலத்தில் நன்றாகத்தான் ஓடுகிறது, திடீரென்று ஹீரோவும் அந்த நிருபர் பெண்ணும் பேசிக்கொண்டிருக்கும்போது இருவரும் இத்தாலியனுக்குத் தாவிவிடுகிறார்கள், குரலே வேறு ஆள் குரல், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆங்கிலம். சப்டைட்டில் எதுவும் வரவில்லை. டிஸ்க்கில் கீறல் இல்லை, துடைத்தும் பார்த்தேன். அக்கா நாளை ஊருக்குத் திரும்புகிறாள். அவளிடமே கொடுத்து மாற்றச் சொல்லலாமா?

ராத்திரிஷோ:
எந்த நாட்டுப் பதிப்பு? என்ன பிளேயர்? படம் மொத்தம் எத்தனை நிமிடம் என்று காட்டுகிறது? இது எதுவுமே சொல்லாமல் டிஸ்க் கெட்டதா நல்லதா என்று கேட்டால் எப்படி?

தகடுராஜா:
ரீஜன்தான், அதாவது எந்தப் பகுதி டிஸ்க் எந்தப் பகுதி பிளேயரில் ஓடும் என்கிற பூட்டு, சந்தேகமே வேண்டாம். இந்தியாவில் விற்கும் ப்ளூரே பிளேயர் சி ரீஜன். ஐரோப்பா பி, அமெரிக்கா ஏ. டிவிடியில் நமக்கு 5, பிரிட்டனுக்கு 2. ரீஜன் மாற்றிய பிளேயரில் இப்படிக் குழப்பம் எல்லாம் வரும். இதனால்தான் நான் 4கே டிஸ்க் மட்டும் வாங்குகிறேன், அதில் ரீஜன் பூட்டே கிடையாது.

மஞ்சள்அட்டை:
ரீஜன் ஒத்துவரவில்லை என்றால் படமே ஓடாது தம்பி. நூறு நிமிடம் ஒழுங்காக விட்டுவிட்டு நடுவில் மட்டும் பாஷையை மாற்றுகிற ரீஜன் பூட்டு எங்கேயும் இல்லை.

செல்வம்77:
பிளேயரின் சாஃப்ட்வேரை அப்டேட் செய்து பாருங்கள் ப்ரோ. எனக்கு வேறொரு படத்தில் ஒலி விட்டுவிட்டு வந்தது, அப்டேட் போட்டதும் சரியாகிவிட்டது.

தகடுராஜா:
அப்படியென்றால் போலி டிஸ்க்காக இருக்கலாம். இரண்டு பிரதிகளை ஒட்டி அடித்திருப்பார்கள். அட்டைப் படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

வினோத்_கோவை:
பிரிட்டன் பதிப்பு. ரீஜன் ஃப்ரீ பிளேயர். 127 நிமிடம் காட்டுகிறது. மற்ற டிஸ்க் எல்லாம் சரியாக ஓடுகிறது.

மஞ்சள்அட்டை:
127 என்ற எண்ணிலேயே பதில் இருக்கிறது. இதை இங்கே எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டது, தேடிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. சரி, இன்னொரு முறை. 1975இல் இத்தாலியில் வெளியான படம் கிட்டத்தட்ட 127 நிமிடம். வெளிநாடுகளுக்கு அனுப்பியது சுமார் 105 நிமிடம். வெட்டுப்பட்டதில் பெரும்பகுதி ஹீரோ டேவிட் ஹெம்மிங்ஸும் நிருபராக வரும் டாரியா நிகோலோடியும் சீண்டிக்கொள்கிற, நெருங்கிப் பழகுகிற காட்சிகள்தான். ஆங்கில ஒலி அந்தக் குறுகிய பதிப்புக்குத்தான் கிடைக்கிறது. முழுப் படத்தையும் ஆங்கிலத்தில் ஓட்டினால், ஆங்கில ஒலி இல்லாத இடங்களில் இத்தாலிய ஒலியை வைத்து நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை. நீங்கள் சொன்ன இடம் அவர்கள் இருவரும் வருகிற இடம்தானே? டிஸ்க்கில் குறையே இல்லை. வெளிநாட்டு டிஸ்க் வாங்குவதற்கு முன்னால் இந்த அளவாவது படித்திருக்க வேண்டும்.

ராத்திரிஷோ:
அண்ணா சொல்வது சரி, ஆனால் பாதிதான். இத்தாலியன் வரும் இடங்களுக்கு மட்டும் தானாகவே ஆங்கில சப்டைட்டில் வர வேண்டும், வினோத்துக்கு அது வரவில்லையே. வினோத், ஆங்கிலத்தை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், மெனுவிலா, ரிமோட்டிலா?

வினோத்_கோவை:
இத்தாலியனில்தான் ஆரம்பித்தது. ரிமோட்டில் ஆடியோ பட்டனை அழுத்தி மாற்றினேன். அதனால் என்ன?

ராத்திரிஷோ:
அதனால்தான் எல்லாமே! மெனுவில் ஆங்கிலம் என்று கொடுத்தால் டிஸ்க் அதற்கேற்ற சப்டைட்டிலையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். ஓடும்போது ரிமோட்டில் மாற்றினால் ஒலி மட்டும் மாறும், சப்டைட்டில் அணைந்தபடியே கிடக்கும். இப்படிப்பட்ட டிஸ்க்குகளில் ஒன்றுக்கு மேல் ஆங்கில சப்டைட்டில் இருக்கும்: ஒன்று இத்தாலிய ஒலியில் பார்ப்பவர்களுக்கு முழுப் படத்துக்கும், இன்னொன்று ஆங்கில ஒலியில் விட்டுப்போன இடங்களுக்கு மட்டும். ரிமோட்டில் சப்டைட்டில் பட்டனை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். இல்லையென்றால் டிஸ்க்கை வெளியே எடுத்துப் போட்டு மெனுவிலிருந்தே தொடங்குங்கள்.

பழையரீல்:
எதற்கு இந்தச் சிரமம்? இத்தாலியப் படத்தை இத்தாலியனில் பாருங்கள். அதுதான் அசல்.

மஞ்சள்அட்டை:
அசல் என்று ஒன்று இங்கே இல்லை. அந்தக் காலத்து இத்தாலியப் படங்களுக்கு ஒலி பெரும்பாலும் பிற்பாடு ஸ்டுடியோவில் சேர்த்ததுதான், நம் படங்களுக்கு டப்பிங் தியேட்டரில் பேசுகிற மாதிரி. ஹெம்மிங்ஸ் ஆங்கிலேயர், ஆங்கிலத்தில்தான் வாயசைக்கிறார். அவருடைய சொந்தக் குரல் ஆங்கில ஒலியில் இருக்கிறது. இத்தாலியனில் வேறொருவர் பேசுகிறார். எது அசல், சொல்லுங்கள்.

பழையரீல்:
இயக்குநர் தன் ஊர் மக்களுக்கு எந்தப் படத்தைக் காட்டினாரோ அதுதான் அசல். குரலுக்காக 22 நிமிடத்தை விட்டுவிட முடியுமா? அந்தக் காட்சிகள் போனால் நிகோலோடி வெறும் துணைப் பாத்திரமாகிவிடுகிறார். அவர்கள் சண்டை போடுவதைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் அடுத்த கொலை அடிவயிற்றைக் கலக்குகிறது.

மஞ்சள்அட்டை:
நீளமான பதிப்பு சிறந்தது என்பதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் இத்தாலிய ஒலிதான் அசல் என்று பொதுவாகச் சொன்னால் இன்னொரு இத்தாலிய இயக்குநர் மரியோ பாவாவிடம் மாட்டிக்கொள்வீர்கள். 1963இல் வந்த அவருடைய பிளாக் சப்பாத் படத்தில் நடிகர் போரிஸ் கார்லோஃபின் உண்மையான குரல் வேண்டுமென்றால் அமெரிக்கப் பதிப்பைத்தான் பார்க்க வேண்டும். அதிலோ மூன்று கதைகளின் வரிசையை மாற்றிவிட்டார்கள், லெஸ் பாக்ஸ்டரின் இசையைப் போட்டார்கள், தொலைபேசிக் கதையைப் பேய்க் கதையாக்கினார்கள். இத்தாலியப் பதிப்பில் கதை ஒழுங்காக இருக்கும், கார்லோஃப் வாயில் அடுத்தவர் குரல் இருக்கும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துத் தருகிற பதிப்பாகத் தேடி வாங்குகிறோம்.

செல்வம்77:
ஆர்ஜெண்டோவின் சஸ்பீரியாவில் இந்தப் பிரச்சினை வருமா? அடுத்து அதைத்தான் வாங்கப் போகிறேன்.

ராத்திரிஷோ:
பயப்படாமல் வாங்குங்கள், முழுக்க ஆங்கிலத்தில் பார்க்கலாம். நாயகி ஜெசிகா ஹார்ப்பரின் சொந்தக் குரல் அதில்தான். ஒளிப்பதிவாளர் லூசியானோ தோவோலி மேற்பார்த்த 4கே பதிப்பாகக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிவப்பைப் பார்க்கத்தானே அந்தப் படம்.

தகடுராஜா:
4கே என்று நான் முதலிலேயே சொன்னேன்.

பழையரீல்:
4கே வாங்கினாலும் டீப் ரெட்டின் முழுப் பதிப்பில் ஆங்கிலம் நடுவில் போகத்தான் போகும் நண்பரே, ஒலியே இல்லாததை எந்த டிஸ்க் கொண்டுவரும்?

வினோத்_கோவை:
மெனுவிலிருந்து போட்டேன், சப்டைட்டில் வருகிறது. டிஸ்க் இங்கேயே இருக்கட்டும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். நன்றி.

இருள்வீதி:
தாமதமாக வருகிறேன். ஆர்ஜெண்டோவின் இன்னொரு படமான ஃபினாமினா டிஸ்க் என்னிடம் இருக்கிறது, அதிலும் இதே கதை, நாயகி ஜெனிஃபர் கானலி திடீரென்று இத்தாலியன் பேசுகிறார். வினோத், மெனுவில் எந்த இடத்தில் மாற்றினீர்கள்?

மஞ்சள்அட்டை:
அவர் படம் பார்க்கப் போயிருப்பார். உங்களுடையது 116 நிமிடமா? அதுதான் இத்தாலியப் பதிப்பு, அதிலும் சில இடங்களுக்கு ஆங்கிலம் கிடையாது. 110 நிமிட சர்வதேசப் பதிப்பு அதே பெட்டியில் இருந்தால் அதைப் போடுங்கள், முழுக்க ஆங்கிலம். க்ரீப்பர்ஸ் என்ற பெயரில் 83 நிமிடத்துக்கு வெட்டிய அமெரிக்கப் பதிப்பும் சில பெட்டிகளில் வரும், முதல் தடவை பார்ப்பவர் அதைத் தொட வேண்டாம். பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், எந்த டிஸ்க்கில் எது என்று சொல்கிறேன்.