ஆர்த்தோ, பாரா ஹைட்ரஜன்: தமிழில் என்ன சொல்ல?

வள்ளியூரிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் ஹைட்ரஜனைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும். எங்கள் ஊரில் மேற்கே தலையைத் திருப்பினால் மகேந்திரகிரி. அங்கே இஸ்ரோ வளாகத்தில் கிரையோஜெனிக் எஞ்சினைச் சோதிப்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அதில் எரிவது −253 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்துத் திரவமாக்கிய ஹைட்ரஜன் என்பதும் பாதிப் பேருக்குத் தெரியும். அந்தத் திரவத்தைச் சேமிப்பதில் ஒரு வில்லங்கம் உண்டே, அதைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே தட்டிவிட்டது.

ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான், அவ்வளவுதான். இரண்டு அணு சேர்ந்தால் மூலக்கூறு. அந்த இரண்டு புரோட்டான்களின் ஸ்பின்னும் (துகளோடு கூடவே இருக்கிற, பக்கம் உள்ள ஒரு குவாண்டம் குணம்) ஒரே பக்கமாக இருந்தால் ஆர்த்தோ, எதிரெதிராக இருந்தால் பாரா. அறை வெப்பநிலையில் நாலில் மூன்று பங்கு ஆர்த்தோ, ஒரு பங்கு பாரா. போன வருஷம் இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தேர்வும் வைத்தேன். பாதிக்கு மேல் மாற்றி எழுதியிருந்தார்கள். கேட்டால், "பாரான்னா பேரலல்தானே சார்?" என்கிறான் ஒருவன். அவன் மேல் என்ன தப்பு? நல்ல தமிழ்ச்சொல் இருந்தால் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:

கிரேக்கத்தில் ஆர்த்தோ என்றால் நேர், பாரா என்றால் அருகே. நேர் ஹைட்ரஜன், அயல் ஹைட்ரஜன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் 'ஹைட்ரஜன்' என்பதையே நீரகம் என்று எழுதப் பழகுங்கள் சார். நீரை உண்டாக்குவது என்ற பொருளில்தானே லவாய்சியே அந்தப் பெயரைப் பரப்பினார்? இலங்கைக்காரர்கள் ஐதரசன் என்றாவது எழுதுகிறார்கள். நாம் கிரந்த எழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

தம்பி, அயல் வேண்டாம். பென்சீன் வளையத்திலும் ஆர்த்தோ, பாரா உண்டு. அங்கே ஆர்த்தோதான் அயல் இடம், பாரா எதிர் மூலை. பாராவை அயல் என்று வைத்தால் கெமிஸ்ட்ரி வாத்தியார் கம்பை எடுத்துக்கொண்டு வருவார். பேசாமல் ஒத்த ஹைட்ரஜன், எதிர் ஹைட்ரஜன் என்று போட்டுவிட்டுப் போங்கவே.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

> ஒத்த ஹைட்ரஜன், எதிர் ஹைட்ரஜன்

அண்ணாச்சி, பென்சீன் நியாயம் சரி. ஆனால் 'ஒத்த ஹைட்ரஜன்' என்று நம்ம பக்கத்து வகுப்பில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். ஒத்தப் பனை, ஒத்த ரூவா, ஒத்த மாடு. தனியாக நிற்கிற ஒரே ஒரு அணு என்றுதான் காதில் விழும். நாம் பேசுவதோ இரண்டு சேர்ந்த மூலக்கூறை. 'எதிர் ஹைட்ரஜன்' அதைவிட வம்பு. எதிர்ப்பொருள் (ஆன்டிமேட்டர்) பற்றிப் படித்த பிள்ளை எதிர்ப்புரோட்டானும் பாசிட்ரானும் சேர்ந்த அணுவை நினைப்பாள். அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, 1995-இல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினார்கள்.

என் கவலை இதற்கு முந்திய இடத்தில். ஸ்பின் என்பதற்கே நம்மிடம் இருக்கிற சொல் சரியில்லை. தற்சுழற்சி என்று எழுதிப் பழகிவிட்டோம். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அதை நம்பி, புரோட்டான் பம்பரம் மாதிரிச் சுற்றுகிறது என்று பிள்ளை எழுதினால் சிவப்பு மையால் அடித்ததும் நான்தான்.

வேறு பாடத்தில் இந்தச் சொல்லை வைத்து எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். இங்கே முடியாது. ஹைட்ரஜன் மூலக்கூறு நிஜமாகவே சுழலுகிறது, இரண்டு முனையிலும் குண்டு வைத்த தடியைப் போல. அந்தச் சுழற்சிக்குக் குவாண்டம் படிகள் உண்டு: 0, 1, 2, 3 என்று. புரோட்டான்கள் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துச் சொல்ல முடியாத ஃபெர்மியான்கள் என்ற துகள் வகை என்பதால் ஒரு கட்டுப்பாடு வந்துவிடுகிறது. ஸ்பின்கள் ஒத்துப்போனால் மூலக்கூறு ஒற்றைப்படைப் படிகளில் மட்டும் நிற்கலாம், எதிர்த்தால் இரட்டைப்படைப் படிகளில் மட்டும். ஆகவே பாராவுக்கு அடிப்படி 0, அதில் இறங்கி ஓய்ந்துவிடும். ஆர்த்தோவுக்கு அடிப்படியே 1. எவ்வளவு குளிரிலும் அது சுழன்றுகொண்டேதான் இருக்க வேண்டும். இதைத் 'தற்சுழற்சி'யை வைத்து எழுதிப் பார்த்தேன்: 'தற்சுழற்சி ஒத்த மூலக்கூறின் சுழற்சி நிற்காது, தற்சுழற்சி எதிர்த்த மூலக்கூறின் சுழற்சி நிற்கும்.' படிக்கிறவருக்குத் தலைதான் சுழலும்.

வள்ளியூர் சார் சொல்ல வந்த வில்லங்கமும் இங்கேதான் இருக்கிறது. வாயுவை அவசரமாகக் குளிர்வித்துத் திரவமாக்கினால் அந்த முக்கால் பங்கு ஆர்த்தோவும் அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் குளிரில் இருக்க வேண்டியதோ கிட்டத்தட்ட முழுக்கப் பாரா, 99 சதவீதத்துக்கும் மேலே. ஆர்த்தோ பைய பைய, நாள் கணக்கில், பாராவாக மாறும். மாறும்போது 1-ஆம் படியிலிருந்து 0-வுக்கு இறங்குகிறதே, அந்த ஆற்றல் வெப்பமாக வெளியே வரும். மொத்தமும் மாறி முடிய, ஒரு கிராமுக்குச் சுமார் 527 ஜூல். ஒரு கிராம் திரவ ஹைட்ரஜனைக் கொதித்து ஆவியாக்கவே 446 ஜூல்தான் வேண்டும்! தொட்டி எவ்வளவு நல்ல தொட்டியாக இருந்தாலும், வெளிச்சூடு துளி நுழையாவிட்டாலும், உள்ளே இருப்பதில் பெரும்பகுதி தன் சூட்டிலேயே கொதித்துப் போய்விடும். ஈர வைக்கோலைப் படப்புப் போட்டால் யாரும் தீ வைக்காமலே நடுவில் சூடேறுமே, அந்த மாதிரி. அதனால் திரவமாக்கும்போதே இரும்பு ஆக்சைடு போன்ற வினையூக்கி வழியாக விட்டு முன்கூட்டியே பாராவாக மாற்றிவிடுகிறார்கள். 1929-இல் பான்ஹோஃபரும் ஹார்டெக்கும் பாராவை முதலில் தனியாக எடுத்தபோது அவர்களுக்கு வினையூக்கியாக உதவியது வெறும் கரி. ஹைசன்பர்குக்கு 1932-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைக் கொடுத்தபோது, குவாண்டம் இயக்கவியலால் ஹைட்ரஜனின் இந்த இரு வடிவங்கள் தெரியவந்ததைப் பரிசுக் குறிப்பிலேயே சேர்த்து எழுதினார்கள். அவ்வளவு பெரிய விஷயத்தை நாம் 'பாரா' என்று ஒலிபெயர்த்துப் பிள்ளைகளைத் தடுக்கிவிழ வைக்கிறோம்.

என் யோசனை: ஸ்பின் என்பதற்குச் சுழி. தலையில் இருக்கிற சுழியைத்தான் சொல்லுகிறேன். அது சுற்றுவதில்லை. ஆனாலும் இடம், வலம் என்று அதற்கு ஒரு பக்கம் உண்டு. பிறக்கும்போதே வந்தது, எண்ணெய் தேய்த்துச் சீவினாலும் போகாது. மேலப்பாளையம் சந்தையில் மாடு பிடிக்கிறவர் பல்லைப் பார்க்கிற அதே கவனத்தோடு சுழியையும் பார்ப்பார். (சுழி பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சொல் மட்டும் போதும்.) புரோட்டானின் ஸ்பின்னும் இப்படிக் கூடப் பிறந்த குணம்தான். சுழற்சி என்பதை நிஜமாகச் சுற்றுகிற பொருளுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஆர்த்தோ உடன்சுழி ஹைட்ரஜன், பாரா எதிர்ச்சுழி ஹைட்ரஜன். மேலே எழுதிய வாக்கியம் இப்போது இப்படி வரும்: 'உடன்சுழி மூலக்கூறின் சுழற்சி நிற்காது, எதிர்ச்சுழி மூலக்கூறின் சுழற்சி நிற்கும்.'

அம்பாசமுத்திரத்திலிருந்து:

ஒத்த போச்சு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சார், பாபநாசத்துக்குக் கீழே ஆற்றில் விழுகிற சுழி சுற்றாமல் என்ன செய்கிறதாம்? ஆளையே இழுக்கிறது. இன்னொன்று, சுழி என்றால் பூஜ்யம். 'புரோட்டானின் சுழி 1/2' என்று எழுதினால் பூஜ்யம் எப்படி அரையாகும் என்று எவனாவது கேட்பான்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

கேட்கட்டும் அண்ணாச்சி. எதிர்ச்சுழி மூலக்கூறில் இரண்டு அரையும் ஒன்றையொன்று அடித்துவிடுவதால் மொத்தச் சுழி சுழிதான், அந்த இடத்தில் உங்கள் பொருளும் பொருந்துகிறது! விளையாட்டுக்குச் சொன்னேன். எண்ணுக்குச் சுழியம் இருக்கிறது, பூஜ்யம் இருக்கிறது. உடன்சுழியில் இரண்டு அரையும் சேர்ந்து மொத்தம் 1. அது மூன்று விதமாக அமையலாம், எதிர்ச்சுழி ஒரே விதம். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு வந்த வழி அதுதான்.

ஆற்றுச் சுழிக்கு என்னிடம் பதில் இல்லை. தலைச்சுழியை முதலில் சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்க வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து:

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க அதை வேறு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகணும். விண்வெளியில் தனியாகத் திரிகிற ஹைட்ரஜன் அணு (அண்ணாச்சியின் ஒத்த ஹைட்ரஜன்!) 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையை வெளியிடும். 1944-இல் வான் டி ஹூல்ஸ்ட் கணித்துச் சொன்னார், 1951-இல் ஈவனும் பர்செலும் பிடித்தார்கள். அங்கே ஜோடி ஒரு புரோட்டானும் ஒரு எலக்ட்ரானும். 'உடன்சுழி நிலையிலிருந்து எதிர்ச்சுழி நிலைக்கு மாறும்போது 1420 மெகாஹெர்ட்சில் அலை வரும்' என்று எழுதிப் பார்த்தேன். உட்காருகிறது.

ஒரு எச்சரிக்கை. மூலக்கூறில் இரண்டு எலக்ட்ரானும் இருக்கின்றன, அடிநிலையில் அவை எப்போதும் எதிர்ச்சுழிதான். எது எதனுடைய சுழி என்பதை முதல் தடவையாவது 'புரோட்டான் உடன்சுழி' என்று முழுசாக எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பேரலல் குழப்பம் போய் இந்தக் குழப்பம் வரும்.

வள்ளியூரிலிருந்து:

வகுப்பு முடிந்தது. ஒரு பையனை முன்னால் கூப்பிட்டு, தலையைக் குனியச் சொல்லி, எல்லாருக்கும் சுழியைக் காட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். அவனுக்கு ரெட்டைச் சுழி. வகுப்பே சிரித்தது, ரெண்டு கல்யாணம் என்று கடைசி பெஞ்சு சத்தம் போட்டது. ரெட்டைச் சுழியில் ரெண்டும் ஒரே பக்கமா, எதிர்ப் பக்கமா என்று நான் கேட்க, நாலு பேர் எழுந்து வந்து அவன் தலையை ஆராய்ந்தார்கள். அதற்கப்புறம் உடன்சுழி, எதிர்சுழியை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மறுநாள் கேட்டபோது மாற்றிச் சொன்னது இரண்டே பேர். குழுவின் சொற்பட்டியலில் சேர்க்கலாமா?

பாளையங்கோட்டையிலிருந்து:

சேருங்கள். எதிர்ச்சுழிக்கு நடுவில் 'ச்' உண்டு சார், விட்டுவிட்டீர்கள். நீரகத்துக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.