விரால் லூர் மேல் எபாக்ஸி நிற்கவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. காட்பாடியில் இருக்கிறேன். மலைவேம்புக் கட்டையைச் செதுக்கி விரால் லூர் (விரால் மீன் பிடிக்கப் போடும் பொய் இரை) செய்கிறேன். 9 செ.மீ. நீளம், பிரைமர், மேலே அக்ரிலிக் பெயிண்ட். கடைசியாகப் பூசும் கிளியர் கோட்தான் (பெயிண்டைக் காக்கும் நிறமில்லாத பூச்சு) படுத்துகிறது.

முதலில் ஸ்ப்ரே லேக்கர். கொஞ்சம் கனமாக அடித்ததும் பெயிண்ட் சுருங்கிவிட்டது. அப்புறம் ஆயில் பாலியூரித்தேன் வார்னிஷ். அது பிடித்தது, ஆனால் வெள்ளை வயிறு மஞ்சளடித்துப் போனது.

இப்போது ரெசின், ஹார்டனர் என்று இரண்டு பாட்டிலாக வரும், கலந்தால் கெட்டியாகும் எபாக்ஸி. பாட்டிலில் போட்டபடி 2 பங்கு ரெசினுக்கு 1 பங்கு ஹார்டனர், சிரிஞ்சால் அளந்தேன். வழியாமல் இருக்க 6 மணி நேரம் மோட்டாரில் சுற்றவிட்டு, ஒரு வாரம் காயவைத்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. அவ்வளவு சந்தோஷம்!

காவேரிப்பாக்கம் ஏரிக்கு மூன்றாவது முறை போனபோது (குத்தகைக்காரரிடம் கேட்டுத்தான் போடுகிறேன்) வயிற்றுக் கொக்கி மாட்டும் திருகு வளையத்தைச் சுற்றி மயிரிழை விரிசல். மறுநாள் அங்கே கட்டை உப்பி, எபாக்ஸி வெளுத்துவிட்டது. நகத்தால் நெம்பினால் எபாக்ஸியும் பெயிண்டும் ஒரே செதிலாகக் கழன்று வருகின்றன, அடியில் ஈரமான வெறும் கட்டை. நான்கில் மூன்று லூர் இப்படித்தான். மே மாத வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடந்தவை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயிண்டுக்கு முன்பே வெறும் கட்டைக்கும் திருகுத் துளைக்குள்ளும் மெல்லிய எபாக்ஸி ஊறவிட்டால் இது நிற்குமா, செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்?