முதல் பதக்கம் 1960-ஆ, 2008-ஆ?

தேக்கா ராஜா:
நேற்று வாட்ஸப்பில் 'விளையாட்டு வரலாற்றில் இன்று' என்று ஒரு பட்டியல் சுற்றியது. அதில் 'ஆகஸ்ட் 17, 2008: சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் பதக்கம், மகளிர் மேசைப்பந்து' என்று ஒரு வரி. எழுதிய புண்ணியவான் டான் ஹோவ் லியாங் என்ற பெயரையே கேட்டதில்லை போல. 1960 ரோம், பளுதூக்குதல், 380 கிலோ, வெள்ளி. மேசைப்பந்துக்கு 48 வருடம் முந்தியது.

பொங்கோல் குமார்:
அந்தப் புண்ணியவான் நான்தான். 'சுதந்திர சிங்கப்பூரின்' என்றுதான் எழுதினேன். வசதியாக விட்டுவிட்டீர்கள். 1960-இல் தற்காப்பு, வெளியுறவு எல்லாம் பிரிட்டிஷ்காரர் கையில். நாடு பிறந்ததே 1965 ஆகஸ்ட் 9. பிறக்காத பிள்ளைக்குப் பதக்கமா?

தேக்கா ராஜா:
எனக்கு வந்ததில் அந்தச் சொல் இல்லை. இருந்தாலும் ஒரே கேள்வி: எந்தக் கொடி? பிறையும் ஐந்து நட்சத்திரமும் 1959 டிசம்பர் 3-லேயே வந்தாயிற்று. தேசிய கீதமான மஜுலா சிங்கப்பூராவும் அன்றுதான். ரோம் அடுத்த வருடம். டான் 2024-இல் காலமானதும் ஒரு டிசம்பர் 3. பட்டியல் போடுகிறவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

ஈசூன் செல்வி:
அண்ணே, 1964 டோக்கியோவுக்கு நம் ஆட்கள் மலேசிய அணியில்தானே போனார்கள்? அப்போ அந்தக் கொடி எங்கே போச்சு?

தேக்கா ராஜா:
1964-ஐ யார் கேட்டது தங்கச்சி? 1960. எந்தக் கொடி?

ஜூரோங் மணி:
2008 மேசைப்பந்து அணியின் ஃபெங் தியன்வெய், லி ஜியாவெய், வாங் யூகு மூன்று பேருமே சீனாவில் பிறந்தவர்கள். இறுதியாட்டத்தில் தோற்றதும் சீனாவிடமே, 0-3. இதற்கா இத்தனை கொண்டாட்டம்?

பொங்கோல் குமார்:
டான் ஹோவ் லியாங் மட்டும் இங்கே கேகே ஆஸ்பத்திரியில் பிறந்தாரா? அவரும் சீனாவின் சுவாத்தோதான். இதைச் சொன்னால் எல்லாருக்கும் காது அடைத்துவிடும்.

ஜூரோங் மணி:
அவர் சின்ன வயதிலேயே வந்து இங்கே வளர்ந்தவர். விளையாடுவதற்கென்று யாரும் கூட்டி வரவில்லை.

ஈசூன் செல்வி:
இந்தப் பட்டியலில் குணாளன் எங்கே? 1968 மெக்சிகோ, 100 மீட்டர், 10.38 வினாடி. 33 வருடம் இங்கே யாரும் அசைக்கவில்லை. 2001-இல் யு.கே. ஷியாம் 10.37 ஓடித்தான் முறியடித்தார். பதக்கம் இல்லையென்றால் நம்மவரையே மறந்துவிடுவீர்களா?

பொங்கோல் குமார்:
மெக்சிகோ சிட்டி 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசு. ஓட்டக்காரர்களுக்கு லாபம்.

ஈசூன் செல்வி:
உங்களையும் அங்கே கொண்டுபோய் விட்டால் 10.38 ஓடுவீர்களோ? கால்பந்து வீரர் சுந்தரமூர்த்தியைப் பற்றிப் பேசும்போதும் இதே இடக்கு. மறக்கவில்லை நான்.

தேக்கா ராஜா:
குணாளன் அப்புறம். குமார் இன்னும் பதில் சொல்லவில்லை. எந்தக் கொடி?

பொங்கோல் குமார்:
கொடி இருந்தால் நாடாகிவிடுமா? என் மகனின் கால்பந்துக் குழுவுக்கும்தான் கொடி இருக்கிறது.

தேக்கா ராஜா:
அந்தக் குழு ஒலிம்பிக் போகும்போது சொல்லுங்கள். சரி, 1951 ஆசிய விளையாட்டில் நியோ சுவீ கோக் நீந்தி வென்ற நான்கு தங்கம் யாருடையது? பிரிட்டிஷ் ராணியுடையதா?

பொங்கோல் குமார்:
1951-இல் ஆண்டது ராஜா. ராணி 1952-இல்தான் வந்தார். வரலாறு பேசுகிறவர் இதையாவது சரியாகப் பேசலாமே.

தேக்கா ராஜா:
ராஜாவோ ராணியோ, பதக்கம் நம்முடையது. 1960. கொடிக்குப் பதில் வரும்வரை நான் நகரப்போவதில்லை.

ஜூரோங் மணி:
சாமிகளா, நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங்கின் ரியோ ஒலிம்பிக் தங்கத்திலாவது சண்டை இல்லையே! ஆகஸ்ட் 12, 2016, 50.39 வினாடி, ஃபெல்ப்ஸையே பின்னுக்குத் தள்ளியது.

பொங்கோல் குமார்:
ஆகஸ்ட் 13. இங்கே சனிக்கிழமை காலை. எல்லாரும் டிவி முன்னால்தானே உட்கார்ந்திருந்தோம்?

தேக்கா ராஜா:
பந்தயம் நடந்தது ரியோவிலா, பொங்கோலிலா? 12-தான்.