யோகட் கொம்பனிக்கு முதல் 2005 இருக்கு

உப்புவெளி பெடியன்: "பற்றீரியா வைரசை எதிர்க்கிற விதத்தை 2012ல டவுட்னாவும் சார்பென்டியேயும் கண்டுபிடிச்சவை" எண்டு ஒராள் படம் போட்டுப் பகிர்ந்திருக்கிறார், பாத்த உடன விசர் வந்திட்டு. அவையள் காட்டினது காஸ்9 எண்ட வெட்டுற புரதத்தை வைச்சு டிஎன்ஏயை நினைச்ச இடத்தில வெட்டலாம் எண்டு. 2020 நோபலும் அதுக்குத்தான். கிறிஸ்பர், அதாவது பற்றீரியாட டிஎன்ஏயில திரும்பத் திரும்ப வாற மீள்வரிசையும் இடையில இருக்கிற துண்டுகளும், ஒரு பாதுகாப்பு எண்டு பிடிச்சது ஸ்பெயின் மொஹிக்கா. 2003லயே கண்டிட்டார், பெரிய சஞ்சிகையள் திருப்பி அனுப்பி அனுப்பி 2005லதான் வெளிவந்தது.

மூதூர் தயிர்ச்சட்டி: 2005 ஊகம் தம்பி. செய்து காட்டினது 2007ல டனிஸ்கோ எண்ட கொம்பனிட யோகட் உறை ஆக்கள், பரங்குவும் ஹோர்வாத்தும். உறை போடுற பற்றீரியாக்கு வைரசை விட்டாங்க, தப்பினதுட டிஎன்ஏயில அந்த வைரஸ்ட துண்டு புதுசா ஏறியிருந்தது, துண்டை எடுத்தா எதிர்ப்பும் போச்சு. இதுதான் கண்டுபிடிப்பு.

உப்புவெளி பெடியன்: ஊகமா? மனுசன் அந்த இடைத்துண்டு 4,500ஐ ஒவ்வொண்டா தேடி 88க்கு வேற டிஎன்ஏயில சோடி பிடிச்சவர், அதில மூண்டில ரெண்டு பங்கு வைரசும் பிளாஸ்மிட் எண்ட, பற்றீரியாக்குள்ள தொத்திப் போற டிஎன்ஏயும். பி1 வைரஸ்ட துண்டை வைச்சிருந்த ஈ.கோலை, பி1 தொத்தாத இனம். இதுக்குப் பிறகும் ஊகமா? 2005!

பயோ டீச்சர்: பிள்ளையள், பற்றீரியாட பாதுகாப்பு எண்டா 1952ல லூரியாவும் ஹியூமனும் வைரஸ் சில பற்றீரியால வளராமப் போறதைப் பாத்ததில இருந்தெல்லோ தொடங்கோணும்? அந்த வைரஸ்ட டிஎன்ஏயை வெட்டுற நொதியத்துக்கு ஆர்பர், நேதன்ஸ், ஸ்மித் 1978லயே நோபல் எடுத்திட்டினம்.

உப்புவெளி பெடியன்: டீச்சர் அது வேற, நான் கதைக்கிறது 2005.

சீனக்குடா: 1987ல ஒசாக்காவில இஷினோ அந்த மீள்வரிசையக் கண்டவர், அவரை ஒருத்தரும் சொல்லல்ல.

உப்புவெளி பெடியன்: கண்டவர், ஏன் எண்டு அவருக்கு விளங்கல்ல. மொஹிக்கா நிலாவெளி உப்பளம் மாதிரி ஒரு உப்பளத்துப் பற்றீரியால தொடங்கி பத்து வருசம் விடாமல் நிண்டவர்.

மூதூர் தயிர்ச்சட்டி: அந்த உப்பளத்து ஹாலோஃபெராக்ஸ் பற்றீரியாவே இல்ல, ஆர்க்கியா எண்ட வேற நுண்ணுயிர் வகை! இதுகூடத் தெரியாம பாடம் எடுக்கிறாய்.

உப்புவெளி பெடியன்: ஈ.கோலை பற்றீரியாதானே? கன்னியா கிணத்துக் கதையிலயும் நீங்க இப்பிடித்தான் சொல்லைப் பிடிச்சுத் தொங்கினீங்க.

மூதூர் தயிர்ச்சட்டி: கன்னியாவில பிழை விட்டது நீ, இன்னும் ஒத்துக்கொள்ளல்ல. 2005ல அவர் மட்டுமா எழுதினவர்? பிரான்ஸ்ல ரெண்டு குழு அதே வருசம்.

உப்புவெளி பெடியன்: மொஹிக்கா பெப்ரவரி. மற்றவை பிறகு. மாதத்தைப் பாருங்க.

மூதூர் தயிர்ச்சட்டி: மாதம் இருக்கட்டும், பரிசோதனை எங்க? 2007.

உப்புவெளி பெடியன்: 2005.