எட்டே எட்டுப் பேர்: மனசுக்குள் படம் இருக்கிறதா, இல்லையா?

பேட்டர்ன் மேஸ்திரி, கணபதி
போன வாரம் நம்ம கோபி வாத்தியார் இங்கே மூன்று வரி எழுதியிருந்தார். "மனக்கண் என்று ஒன்று கிடையாது. மனசுக்குள் படம் பார்க்கிறேன் என்பதெல்லாம் வெறும் பேச்சு. பிலிஷின் என்ற மனவியல் அறிஞர் 1973லேயே இதை முடித்துவைத்துவிட்டார்." அதற்கு ஆளாளுக்குக் கைதட்டல் வேறு. ஒரு வாரமாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

நான் முப்பத்தோரு வருடமாக பவுண்டரிக்கு மரத்தில் பேட்டர்ன், அதாவது இரும்பு வார்க்க மணலில் அச்சு எடுக்கும் மாதிரி, செய்கிறவன். டிராயிங்கில் பம்பு கேசிங்கின், அதாவது பம்பின் வெளிக்கூட்டின், மூன்று பக்கம்தான் இருக்கும். உள்ளே தண்ணீர் சுற்றும் வழி எப்படி வளைகிறது, உள்ளே வெற்றிடம் விட வைக்கும் மணல்கட்டி, கோர், எங்கே உட்காரும், பேட்டர்னை எந்தப் பக்கமாக எடுத்தால் மணல் உடையாது, இதெல்லாம் உளியைத் தொடும் முன்பே தலைக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாக வேண்டும். அது படம் இல்லை என்றால் வேறென்னங்க, பஞ்சாங்கமா?

அனுபவத்தை மட்டும் வைத்துப் பேசவில்லை. 1971ல் ஷெப்பர்ட், மெட்ஸ்லர் என்ற இரண்டு மனவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சின்னக் கட்டைகளை ஒட்டி வைத்தது போன்ற உருவங்கள், இரண்டிரண்டாக. இரண்டும் ஒன்றுதானா, இல்லை கண்ணாடியில் பார்த்தது போல இடம் வலம் மாறியதா என்று கேட்டார்கள். ஒன்று மற்றதைவிட எத்தனை பாகை திரும்பியிருக்கிறதோ அதற்குத் தக்கபடி பதில் சொல்லும் நேரமும் கூடியது. வரைந்து பார்த்தால் நேர்கோடு. வினாடிக்குச் சுமார் 60 பாகை. தலைக்குள் ஒன்றுமே திரும்பவில்லை என்றால் நேரம் எதற்குக் கூட வேண்டும்? வாத்தியார் பதில் சொல்லட்டும்.

கோபி வாத்தியார்
மேஸ்திரிக்கு வணக்கம். எல்லாம் சொன்னீர்கள், எத்தனை பேரை வைத்துச் சோதித்தார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டீர்களே. நான் சொல்கிறேன். எட்டுப் பேர். எட்டே எட்டுப் பேர். எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் காலை ஆறு மணிக்கு அதைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

பேட்டர்ன் மேஸ்திரி, கணபதி
ஒவ்வொருவருக்கும் 1600 ஜோடி காட்டினார்கள் வாத்தியாரே. எட்டை 1600ஆல் பெருக்கினால் 12,800. கணக்கு வாத்தியாருக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

கோபி வாத்தியார்
ஒரே மாட்டை 1600 தடவை கறந்தாலும் அது ஒரு மாடுதாங்க. எட்டுப் பேர்.

பவானித் தறி
குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். 'படம்' என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? கண்ணை மூடினால் தெரிவதையா, மூளை இடத்தையும் வடிவத்தையும் கணக்குப் போடும் விதத்தையா? இரண்டும் வேறு வேறு இல்லையா?

பேட்டர்ன் மேஸ்திரி, கணபதி
தம்பி கொஞ்சம் பொறு. எட்டுப் பேருக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு வருகிறேன்.

எட்டுப் பேரும் ஒரே மாதிரி நேர்கோட்டில் வந்தார்கள் என்றால் எண்பது பேர் எதற்கு? சோறு வெந்ததா என்று பார்க்கப் பானையையே கவிழ்ப்பீர்களா? அப்புறம், 1973ல் முடித்துவைத்தார் என்கிறீர்களே, 1978ல் கோஸ்லின் என்ற ஆய்வாளர் ஒரு கற்பனைத் தீவின் வரைபடத்தை வைத்துச் சோதித்தது எப்படி? முடிந்த கல்யாணத்துக்கு யாராவது பந்தக்கால் நடுவார்களா? குடிசை, மரம், பாறை, கிணறு, ஏரி, மணல், புல் என்று ஏழு இடம். வரைபடத்தை மனப்பாடம் செய்துவிட்டு, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மனசுக்குள் போகச் சொன்னார்கள். தூரம் கூடக்கூட நேரமும் கூடியது. ஏழு இடத்துக்கு 21 ஜோடி. அத்தனையிலும் இதே கதைதான்.

கோபி வாத்தியார்
வாங்க, இதற்குத்தான் காத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு பெருந்துறையிலிருந்து விஜயமங்கலத்துக்கு பஸ்ஸில் போவதாக நினையுங்கள். அப்புறம் பெருந்துறையிலிருந்து அவிநாசிக்கு. இரண்டாவதற்கு நேரம் அதிகம் எடுத்துக்கொள்வீர்கள். ஏன்? அவிநாசி தூரம் என்று உங்களுக்கு முன்பே தெரியும். "போய்ப் பார்" என்று ஒருத்தர் சொன்னதும், போகிறவன் எவ்வளவு நேரம் எடுப்பானோ அவ்வளவு நேரத்தை நீங்களாகவே எடுத்துக்கொள்கிறீர்கள். தலைக்குள் ரோடும் இல்லை, பஸ்ஸும் இல்லை. பிலிஷின் சொன்னது இதுதான். நமக்குத் தெரிந்த சங்கதிதான் படம் போல வேஷம் போடுகிறது.

இன்னொன்று. 1983ல் இன்டன்ஸ்-பீட்டர்சன் என்ற அம்மா, சோதனை நடத்துகிறவர்களிடமே முன்கூட்டி வேறு வேறு முடிவை எதிர்பார்க்கச் சொல்லிவைத்தார். அவர்கள் எதை எதிர்பார்த்தார்களோ அந்தப் பக்கமே முடிவும் சாய்ந்தது. எட்டுப் பேரிடம் இப்படி எதுவும் நடக்கவில்லை என்று மேஸ்திரி சத்தியம் செய்வாரா?

பேட்டர்ன் மேஸ்திரி, கணபதி
மறுபடியும் எட்டுப் பேரா! பெருந்துறை பஸ்ஸுக்கு வேண்டுமானால் உங்கள் கதை பொருந்தும். கட்டை உருவத்தைத் திருப்பினால் நேர்கோடு வரும் என்று அந்த எட்டுப் பேருக்கும் முன்பே யார் சொன்னது? அதைத் திருப்பிப் பார் என்று அவர்களிடம் யாரும் சொல்லவே இல்லை. ஒன்றா வேறா என்றுதான் கேட்டார்கள். தாங்களாகவே திருப்பினார்கள்.

செக்கிங் அக்கா, திருப்பூர்
நீங்கள் படத்துக்கு அடித்துக்கொள்கிறீர்கள். கண்ணுக்கு முன்னால் நிஜமாக இருப்பதையே நாம் பார்ப்பதில்லை, அதைச் சொல்லுங்கள்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் பதினாலு வருடம் செக்கிங்கில் இருந்தேன். டியூப் லைட்டுக்குக் கீழே மேசை. பீஸை விரித்து, முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, கை என்று வரிசையாகத் தடவிக்கொண்டே போக வேண்டும். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவோம். ஒரு நாள் ஊசி ஓட்டை நிறைய வருகிறது, அதை மட்டும் பாருங்கள் என்றார்கள். பார்த்தோம். தூசி அளவு ஓட்டையைக்கூட விடவில்லை. மூன்று பண்டல் முடிந்து அயர்னிங்குக்குப் போன பிறகுதான் அயர்ன் மாஸ்டர் வந்து கேட்கிறார், பாக்கெட் ஏன் வலது நெஞ்சில் இருக்கிறது என்று. மூன்று பண்டலிலும்! நாங்கள் ஆறு பேர் பார்த்து அனுப்பியது. ஆறு பேரின் விரலும் அந்தப் பாக்கெட்டைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

அப்புறம் என் மகள்தான் கொரில்லா வீடியோவைக் காட்டினாள். சைமன்ஸ், சாப்ரிஸ் இருவரும் 1999ல் செய்தது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் பந்தை எத்தனை முறை கைமாற்றினார்கள் என்று எண்ணச் சொல்லிவிட்டு, நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஆளை நடக்கவிட்டார்கள். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கொரில்லாவைக் கவனிக்கவே இல்லை. 2013ல் நுரையீரல் ஸ்கேனில் கொரில்லா படத்தை ஒட்டி, ஸ்கேன் பார்க்கும் டாக்டர்கள் 24 பேரிடம் கொடுத்தார்கள். 20 பேர் விட்டுவிட்டார்கள். எங்களுக்கு மட்டும் அன்றைக்குக் கூலி பிடித்தார்கள்.

பேட்டர்ன் மேஸ்திரி, கணபதி
அக்கா சொல்வது கவனக்குறைவு. அதற்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்?

செக்கிங் அக்கா, திருப்பூர்
கவனக்குறைவா? கவனம் அதிகமானதால் வந்த வினை என்று சொல்கிறேன். ஓட்டையை மட்டும் பார் என்றதும் மனசு ஓட்டைக்கு அச்சுப் போட்டுக்கொண்டது. படிக்காமல் பதில் எழுதாதீர்கள் மேஸ்திரி.

ஈரோடு மஞ்சள் மண்டி
வெள்ளைக்காரன் சோதனை எதற்குங்க? பல விஷயத்தை ஒரே நேரத்தில் கவனித்துக் காட்டும் கவனகம் நம்மிடம் இருக்கிறதே. நாகர்கோவில் பக்கம் செய்குத்தம்பிப் பாவலர் 1907ல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டினார். நூறு விஷயம் ஒரே நேரத்தில்! முதுகில் போடும் கல்லை எண்ணிக்கொண்டே வெண்பா சொல்வார்கள். கொரில்லா என்ன, யானையே வந்தாலும் விடமாட்டார்கள்.

கோபி வாத்தியார்
பாவலர் பெரியவர், மறுக்கவில்லை. ஆனால் கேள்வி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். ஒவ்வொன்றையும் ஞாபகத்தில் வைத்து, திரும்பித் திரும்பி வந்து முடிப்பதுதான் கவனகரின் திறமை. ஒரே கணத்தில் நூறையும் கவனிப்பது என்பது வேறு. செர்ரி என்ற ஆய்வாளர் 1953ல் இரண்டு காதிலும் வேறு வேறு பேச்சைக் கேட்கவைத்தார். ஒரு காதைக் கவனித்து அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, மற்றக் காதில் என்ன ஓடியது என்று சொல்லத் தெரியவில்லை. ஆண் குரல் பெண் குரலாக மாறியது மட்டும் தெரிந்தது.

ஈரோடு மஞ்சள் மண்டி
மண்டி இரைச்சலில் யாராவது என் பெயரைச் சொன்னால் எனக்குக் கேட்கும்.

கோபி வாத்தியார்
1959ல் மோரே அதையும் சோதித்தார். மூன்றில் ஒருவருக்குத்தான் கேட்டது. மற்றவர்களுக்குத் தங்கள் பெயர்கூடக் கேட்கவில்லை.

ஈரோடு மஞ்சள் மண்டி
எனக்குக் கேட்கும். கடன் கேட்க வருகிறவன் கூப்பிட்டால்தான் கேட்காது.

பேட்டர்ன் மேஸ்திரி, கணபதி
பேச்சை மாற்றி நழுவப் பார்க்கிறார் வாத்தியார். விடமாட்டேன். கவனத்துக்கே வருகிறேன், அதிலும் படம் இருக்கிறது.

1978ல் இத்தாலியில் பிசியாக், லுசாட்டி என்று இரண்டு பேர். மூளையின் வலப்பக்கம் அடிபட்ட நோயாளிகள், இடப்பக்கம் இருப்பது எதையும் கவனிக்கமாட்டார்கள். மிலானில் பெரிய கோவிலுக்கு முன்னால் இருக்கும் சதுக்கம் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். கோவிலைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொண்டு சதுக்கத்தை வர்ணிக்கச் சொன்னால், வலப்பக்கக் கட்டடங்களை வரிசையாகச் சொன்னார்கள், இடப்பக்கத்தை விட்டுவிட்டார்கள். கோவில் படியில் நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பதாக நினைக்கச் சொன்னதும், முன்பு விட்டதையெல்லாம் சொன்னார்கள், முன்பு சொன்னதை விட்டுவிட்டார்கள்! நம்ம மணிக்கூண்டில் நின்று இந்தப் பக்கக் கடைகளை மட்டும் சொல்லிவிட்டு, திரும்பி நின்று அந்தப் பக்கத்தை மட்டும் சொல்வது போல. சங்கதி எல்லாம் தலைக்குள் இருந்தது. பார்க்கும் பக்கம் மாறியதும் பாதி மறைந்தது. படம் இல்லாமல் பக்கம் எங்கிருந்து வரும்?

கோபி வாத்தியார்
எத்தனை நோயாளிகள்?

பேட்டர்ன் மேஸ்திரி, கணபதி
இரண்டு.

கோபி வாத்தியார்
எட்டிலிருந்து இரண்டுக்கு இறங்கிவிட்டார் மேஸ்திரி.

பவானித் தறி
எனக்குக் கண்ணை மூடினால் இருட்டுதான். எங்கள் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், முகத்தை நினைத்தால்கூட ஒன்றும் வராது. மூக்குத்தி போட்டிருப்பார், வலது புருவத்தில் தழும்பு உண்டு என்பது தெரியும். தெரியும், அவ்வளவுதான், பார்ப்பதில்லை. அப்பா ஜமக்காளம் நெய்யும்போது பட்டை எப்படி வரப்போகிறது என்று முன்பே தெரிகிறது என்பார். எனக்கு அது எண்தான், குறுக்கே ஓடும் சிவப்பு நூல், ஊடை, இத்தனை, பச்சை ஊடை இத்தனை. 2015ல் ஆடம் சீமன் என்ற டாக்டர் இதற்கு அஃபேன்டேசியா என்று பெயர் வைத்தார். பெயர்தான் புதிது. 1880லேயே கால்டன் என்ற ஆய்வாளர் காலைச் சாப்பாட்டு மேசையை நினைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டபோது, அறிவியல்காரர்கள் பலர் எங்களுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை என்றார்களாம்.

பேட்டர்ன் மேஸ்திரி, கணபதி
தம்பி, ராத்திரி பூராவும் போன் பார்த்தால் இப்படித்தான் இருட்டும். நன்றாகத் தூங்கி எழு.

பவானித் தறி
எனக்கு இருபத்தாறு வயது. இருபத்தாறு வருடமும் போன் பார்க்கவில்லைங்க.

கோபி வாத்தியார்
பார்த்தீர்களா! இந்தத் தம்பியே சாட்சி. படம் இல்லாமலே எல்லா வேலையும் நடக்கிறது. 2010ல் சீமனும் மற்றவர்களும் எம்.எக்ஸ். என்று ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். இதய சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு மனப்படம் அடியோடு போய்விட்டது. ஆனால் உருவத்தைத் திருப்பும் சோதனையில் சரியாகவே பதில் சொன்னார். முக்கியமாக, பாகை கூடினால் நேரம் கூடும் என்கிற உங்கள் நேர்கோடு அவரிடம் இல்லை. எட்டுப் பேரின் கோட்டை இடிந்தது.

பேட்டர்ன் மேஸ்திரி, கணபதி
எத்தனை பேர் வாத்தியாரே?

கோபி வாத்தியார்
அது நோயாளியைப் பற்றிய தனி ஆய்வு.

பேட்டர்ன் மேஸ்திரி, கணபதி
எத்தனை பேர் என்று கேட்டேன்.

கோபி வாத்தியார்
ஒருவர்.

பேட்டர்ன் மேஸ்திரி, கணபதி
ஒருவர்! எனக்கு எட்டுப் பேர் போதாது, இவருக்கு ஒருவர் போதும். என் மாடு எட்டு, உங்கள் மாடு ஒன்று. யார் வீட்டில் பால் அதிகம் என்று ஊர் சொல்லட்டும். அப்புறம், படம் போனவரிடம் நேர்கோடும் போய்விட்டது என்றால், படம் இருப்பவர்களுக்கு நேர்கோடு படத்தால்தான் வந்தது என்று ஆகிறதே. நீங்களே என் பக்கம் சாட்சி சொல்லிவிட்டீர்கள், தெரிகிறதா?

பவானித் தறி
என்னை யாருக்கும் சாட்சியாக இழுக்க வேண்டாம். எனக்கு இல்லை என்றுதான் சொன்னேன், உங்களுக்கு இல்லை என்று சொல்லவில்லை. 2018ல் கியோ, பியர்சன் இருவரும் ஒரு கண்ணுக்கு ஒரு நிறம், மறு கண்ணுக்கு வேறு நிறம் காட்டிச் சோதித்தார்கள். சாதாரணமாக ஒரு நிறத்தை முன்பே நினைத்துக்கொண்டால் அந்த நிறமே பெரும்பாலும் மேலோங்கித் தெரியும். என்னைப் போன்றவர்களுக்கு அப்படி ஆவதில்லை. அப்படியானால் மற்றவர்களுக்குள் ஏதோ இருக்கிறது என்றுதானே...

கோபி வாத்தியார்
தம்பி, அப்புறம் பேசலாம். மேஸ்திரி பேட்டர்ன் கதை சொன்னாரே, 2009ல் என் மைத்துனர் தோட்டத்து பம்புக்கு கேசிங் பேட்டர்ன் செய்து கொடுத்தது இவர்தான். வலது கைச் சுற்றுக்குச் செய்ய வேண்டியதை இடது கைச் சுற்றுக்குச் செய்து, வார்த்து, கடைந்து, மாட்டிய பிறகுதான் தெரிந்தது. இடம் வலம் மாறியதைக் கண்டுபிடிப்பதுதானே ஷெப்பர்ட் சோதனை? மனக்கண் அன்றைக்கு லீவா?

பேட்டர்ன் மேஸ்திரி, கணபதி
அதை இங்கே இழுப்பீர்கள் என்று தெரியும். உங்கள் மைத்துனர் டிராயிங்கைத் தாளின் பின்பக்கம் தெரியும்படி பிரதி எடுத்துக் கொடுத்தார். தாளே மாறினால் நான் என்ன செய்ய? என் தலைக்குள் சரியாகத்தான் திரும்பியது, தப்பான தாள் சரியாகத் திரும்பியது! அந்தக் கேசிங்குக்குப் பாதிக் காசு இன்னும் பாக்கி.

கோபி வாத்தியார்
காசு பாக்கியா? மரத்துக்கே தண்டம் அழுதவர் அவர்.

செக்கிங் அக்கா, திருப்பூர்
பாக்கெட் வலது பக்கம், கேசிங் இடது பக்கம். நல்ல ஊருங்க இது.

ஈரோடு மஞ்சள் மண்டி
மேஸ்திரி, நிஜமாகவே கேட்கிறேன், எங்கள் கிணற்று மோட்டாரும் தண்ணீரை ஒழுங்காகத் தள்ளுவதில்லை. அதுவும் சுற்று மாறியதாக இருக்குமா?

பேட்டர்ன் மேஸ்திரி, கணபதி
மூன்று பேஸில் இரண்டு வயரை மாற்றிப் போட்டுப் பாருங்க, அதற்கெல்லாம் மனக்கண் வேண்டாம். வாத்தியாரே, நீங்கள் இன்னும் எட்டுப் பேருக்குப் பதில் சொல்லவில்லை.

கோபி வாத்தியார்
பதில் சொல்ல வேண்டியது நீங்கள். எட்டுப் பேர்.