வாசகர்களுக்கு மெயில் அனுப்பப் போய் மாட்டிக்கொண்ட கதைகள்

மண்பானை:
வலைப்பூவின் புதுப் பதிவுகளை வாசகர்களுக்கு மெயிலில் அனுப்பிவந்த கூகுளின் ஃபீட்பர்னரில், 2021 ஜூலையில் அந்த மின்னஞ்சல் சேவை நின்றுபோன சமயம். வாசகர் பட்டியலை முன்பே இறக்கி வைத்திருந்தேன், 212 முகவரி. வேறு சேவை கிடைக்கும்வரை நாமே ஜிமெயிலில் அனுப்பிவிடலாம் என்று மொத்தத்தையும் ஒட்டினேன். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத பிசிசியில் இல்லை, எல்லோருக்கும் தெரியும் 'டூ'வில். இரவு பத்தரை மணி. முதல் பதிலே ஒரு பெரியவரிடமிருந்து, எல்லோருக்கும் போகும்படி: "தம்பி, நீங்கள் யார்?" அடுத்தவர் அவருக்கு வணக்கம் வைத்தார். இன்னொருவர் "என் பெயரை எடுத்துவிடவும்" என்றார், 212 பேரிடமும். அப்புறம் "எல்லோருக்கும் பதில் போடாதீர்கள்" என்று எல்லோருக்கும் பதில் போட்டவர்கள் ஏழு பேர். போனைக் கவிழ்த்து வைத்தும் மேசை மேல் அது உறுமிக்கொண்டே இருந்தது.

இரவுப்பறவை:
பேருந்தில் நின்றபடி என் வலைப்பூவின் பழைய வரைவுகளை அழித்துக்கொண்டிருந்தேன். 'அழி'க்குப் பதில் 'வெளியிடு'வில் விரல் பட்டுவிட்டது. ஒரே வரிதான்: "வத்தக்குழம்பு. புளி எவ்வளவு? அம்மாவிடம் கேட்கணும்." பதிவை அந்த நிமிடமே எடுத்துவிட்டேன், வெளியானதுமே வாசகர்களுக்குத் தானாகக் கிளம்பிய மெயிலை என்ன செய்வது? நான் இறங்குவதற்குள் ஒரு வாசகி எழுதியிருந்தார்: "எலுமிச்சை அளவு போதும் மா. அம்மா சௌக்கியமா?" அந்த வரைவு இரண்டு வருடப் பழசு. அம்மா இப்போது இல்லை. அந்த வாசகிக்கு இன்னும் பதில் போடவில்லை.

திண்ணை:
என் கதை சின்னது: என் மெயில் என் மனைவியின் ஸ்பேமிலேயே கிடந்தது.
மண்பானை, பிசிசியில் போட்டிருந்தால் மட்டும் சரியாகியிருக்குமா? பட்டியல் வளர்ந்தால், சாதாரண ஜிமெயிலில் நாளுக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. விலகுவதற்கு இணைப்பும் இருக்காது. விலக வழி தெரியாதவர் நேராக ஸ்பேம் பொத்தானைத்தான் அமுக்குவார். சொந்த டொமைன் (இணையப் பெயர்) வாங்கி, அதன் டிஎன்எஸ் அமைப்பில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் போட்டுவிடுங்கள்; மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் குறிப்புகள் அவை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு நாளுக்கு 5000 அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம், ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும். நம் மாதிரி சின்ன ஆட்களுக்கு முதல் இரண்டில் ஒன்றாவது இருந்தாக வேண்டும். முக்கியமாக, ஒருவர் முகவரியைப் பதிந்தவுடன் உறுதிப்படுத்தும் மெயில் போய், அதை அவர் சொடுக்கினால்தான் சேர்க்க வேண்டும். ஃபீட்பர்னர் பட்டியலில் முகவரிக்குப் பக்கத்தில் நிலை என்று ஒன்று இருக்குமே, பார்த்தீர்களா? உறுதிப்படுத்தாதவர்களையும் சேர்த்தல்லவா ஒட்டியிருப்பீர்கள்!

மண்பானை:
இப்போதுதான் திறந்து பார்த்தேன். 31 பேர். அந்தப் பெரியவரும் அதில் இருக்கிறார்.