முதல் வாசிப்பில் யாரைத் தப்பா எடை போட்டீங்க? (பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் அனுபவங்கள்)

வெயில்நதி

இந்த நாவலுக்கு ஜேன் ஆஸ்டின் முதல்ல வெச்ச பேரு 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்'. 1796-97ல, இருபது இருபத்தோரு வயசுல எழுதினது. அவங்க அப்பா லண்டன் பதிப்பாளர் ஒருத்தருக்குக் கடிதம் போட்டுக் கேட்டார். கைப்பிரதியைப் பார்க்கக்கூட இல்ல, மறு தபால்லயே வேண்டாம்னு வந்துடுச்சு. 1813 ஜனவரியில வேற தலைப்புல வெளிவந்தது. எனக்கென்னவோ பழைய பேருதான் சரின்னு படும். கதாநாயகி எலிசபெத் மட்டுமா ஆளைப் பார்த்ததும் முடிவு கட்டுறா? நாமளும்தான். அதான் கேக்குறேன், முதல் தடவை படிச்சப்போ நீங்க தப்புக்கணக்கு போட்டது யாரை?

என் ஆளு எலிசபெத்தோட தோழி சார்லட் லூகாஸ். எலிசபெத்கிட்ட கல்யாணத்துக்குக் கேட்டு மூக்குடைபட்ட அவ சொந்தக்கார பாதிரியார் காலின்ஸ், அந்த வாரம் முடியறதுக்குள்ள இவளைக் கேக்குறான். இவளும் சரிங்கறா. "எனக்குக் காதல் கனவெல்லாம் எப்பவுமே கிடையாது, வசதியா ஒரு வீடு இருந்தா போதும்"னு விளக்கம் வேற. வயசு 27. ஹாஸ்டல்ல படிச்சப்போ அவ மேல எனக்கு அருவருப்பே வந்துச்சு.

அதே ஹாஸ்டல்ல என் ரூம்மேட் ஒருத்தி. 28 வயசுல அவளைப் பெண் பார்க்க வந்தவர், கையில பஜ்ஜியை வெச்சுக்கிட்டு அவரோட எம்.டி. வீட்டு கிரானைட் என்ன விலைன்னு அரை மணி நேரம் பேசினார். (தனக்கு வேலை குடுத்த சீமாட்டி லேடி கேதரின் வீட்டுக் கணப்படுப்பு மேடைக்கு மட்டும் 800 பவுண்ட் ஆச்சுன்னு காலின்ஸ் பெருமை அடிப்பானே, அதே ரகம்.) இவ சரின்னுட்டா. "போயும் போயும் இவரையாடி?"ன்னு கேட்டேன். பதில் சொல்லல.

ரெண்டு வருஷம் கழிச்சு அவ வீட்டுக்குப் போனேன். ஹால்ல ஏசி, சோபா, பெரிய டிவி. அங்க உக்கார விடாம என்னை நேரா பின்பக்கம் கூட்டிட்டுப் போனா. துணி காயப்போடுற இடத்தை ஒட்டி ஒரு குட்டி ரூம். ஒரு தையல் மெஷின், ஜன்னல் திட்டுல பழைய ரேடியோ. "இங்க ஃபேன் கடகடன்னு சத்தம் போடும். அவருக்கு ஆகாது, வரமாட்டார்"னு சாதாரணமா சொன்னா.

திரும்பி வர்ற பஸ்ல, கல்யாணத்துக்கு அப்புறம் சார்லட் வீட்டுக்கு எலிசபெத் போற ஹன்ஸ்ஃபர்ட் அத்தியாயம் ஞாபகம் வந்துச்சு. ரோட்டைப் பார்த்த முன் ரூம் காலின்ஸுக்கு. நல்ல பெரிய ரூம் இருக்க, சார்லட் பின்பக்க ரூம்ல போய் உக்கார்றாளேன்னு எலிசபெத் முதல்ல குழம்புறா. அப்புறம் புரியுது, இவ ரூமும் அதே மாதிரி நல்லா இருந்தா அவன் சும்மா சும்மா இங்க வந்து நிப்பான். அந்தப் பத்தியை நான் அதுக்கு முன்னாடி நாலு தடவையாவது தாண்டிப் போயிருப்பேன்.

கடன்பிரிவு

மிஸஸ் பென்னட், எலிசபெத்தோட அம்மா. கத்துற, மானத்தை வாங்குற, "என் நரம்பு என் நரம்பு"ன்னு புலம்புற அம்மா. சின்ன வயசுல அவங்க வர்ற பக்கமெல்லாம் வேகமா புரட்டுவேன்.

இப்போ பேங்க்ல வேலை, அதனால புத்தி கணக்குல போகுது. பென்னட் குடும்பத்தோட லாங்பர்ன் நிலத்துல வருஷ வருமானம் 2000 பவுண்ட். ஆண் வாரிசுக்கு மட்டும்தான் போகும்னு கட்டி வெச்ச சொத்து. பென்னட் கண்ணை மூடினா அப்படியே காலின்ஸ் கைக்குப் போயிடும். அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும்னு எழுதி வெச்சது மொத்தமே 5000 பவுண்ட். நாலு பர்சன்ட் வட்டி போடுங்க, வருஷத்துக்கு 200. குதிரை, வண்டி, சமையல்காரின்னு 2000ல ஓடின குடும்பம் ஒரே நாள்ல பத்துல ஒரு பங்குக்கு இறங்கணும். எலிசபெத்தோட பங்கு ஆயிரம், அதுவும் அம்மா போனதுக்கு அப்புறம். இந்த விவரத்தைச் சொல்றது யார் தெரியுமா? காலின்ஸ். கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேக்க வந்த இடத்துல பாஸ்புக் இருப்பைப் படிச்சுக் காட்டுறான்!

எங்க ஆயா "அஞ்சு பொண்ணு பெத்தா அரசனும் ஆண்டி"ன்னு சொல்லும். அந்த வீட்டுல அந்தப் பயம் இருந்த ஒரே ஆள் மிஸஸ் பென்னட்தான். நாகரிகமா சொல்லத் தெரியல, அவ்வளவுதான்.

இன்னொண்ணு. எங்கம்மாவுக்குக் கல்யாணம் ஆனது 1986. பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் பங்குன்னு தமிழ்நாட்டுல சட்டம் நடைமுறைக்கு வந்தது 25 மார்ச் 1989. அதுக்கு முன்னாடி கல்யாணமான பொண்ணுங்களுக்கு 2005 வரைக்கும் கிடையாது. சித்திக்கு 1990ல கல்யாணம், அவங்களுக்குப் பங்கு வந்துச்சு. ஒரே வயித்துல பொறந்த ரெண்டு பேர். அந்தப் பத்திரம் கையெழுத்தான அன்னிக்கு அம்மா எல்லாருக்கும் காபி போட்டுக் குடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. அதனால அந்த நாவல்ல வர்ற 'என்டெயில்'ங்கற ஆண் வாரிசுக் கட்டு என்னன்னு எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கல.

ஓய்வுபெற்றவன்

தங்கச்சி சொன்னதன் தொடர்ச்சியாகவே சொல்கிறேன். முப்பது வருடமாக நான் மிஸ்டர் பென்னட் கட்சி. "காலின்ஸைக் கட்டாவிட்டால் அம்மா உன் முகத்தில் விழிக்க மாட்டாள், கட்டினால் நான் விழிக்க மாட்டேன்" என்று மகளிடம் சொல்லும் இடத்தை ஆபீசில் எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் உறைத்தது. அந்த மனிதர் ஒரு காசு சேர்க்கவில்லை. எப்படியும் ஒரு மகன் பிறப்பான், வயது வந்ததும் அவனைச் சேர்த்துக்கொண்டு அந்தக் கட்டை உடைத்துவிடலாம் என்று இருந்துவிட்டார். பெண்ணாக ஐந்தும் பிறந்து முடித்தபோது, இனிமேல் சேர்த்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார். கடைசி மகள் லிடியாவை பிரைட்டனுக்கு அனுப்பாதீர்கள் என்று எலிசபெத் கெஞ்சுகிறாள். போகாவிட்டால் வீட்டில் நிம்மதி இருக்காது என்று அனுப்பி வைக்கிறார். அவள் விக்கம் என்ற பட்டாளத்து அதிகாரியோடு ஓடிப்போய், கல்யாணம் பேசி முடித்து, வருடம் நூறு பவுண்ட் தருவதாக ஏற்பாடான பிறகு கணக்குப் பார்த்தால், அவளை வீட்டில் வைத்திருந்த செலவைவிட பத்து பவுண்ட்கூட அதிகமில்லை என்று அவருக்கு ஓர் ஆறுதல்.

என் வீட்டிலும் பிள்ளைகளைக் கண்டித்தது, டியூஷன் தேடியது, சம்பந்தம் பேசியது எல்லாம் என் மனைவி. நான் பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு நக்கல் அடித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவேன். சண்டை அவளுக்கு, நல்ல பேர் எனக்கு. "அப்பா எவ்வளவு கூல்" என்பார்கள். இதற்குமேல் எழுதவில்லை.

பாதிப்படிச்சவன்

எல்லாரும் மன்னிக்கணும். மூணு தடவை ஆரம்பிச்சேன், மூணு தடவையும் நெதர்ஃபீல்டு டான்ஸோட நின்னுட்டேன். டீ குடிக்கிறாங்க, நடக்குறாங்க, லெட்டர் எழுதுறாங்க. ஒண்ணும் நடக்கல. நான் தப்பா எடை போட்டது புத்தகத்தைன்னு வேணா வெச்சுக்கங்க.

ஹாம்ப்ஷயர் தமிழச்சி

தம்பி, உங்க கட்சியில பெரிய ஆளுங்க இருக்காங்க. விமர்சகர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் சொன்னாரேன்னு வாங்கிப் படிச்ச நாவலாசிரியை சார்லட் பிரான்டி, 1848ல அவருக்கே எழுதின கடிதத்துல, வேலி போட்டுப் பாத்தி கட்டின தோட்டம் மாதிரி இருக்கு, வெட்டவெளியும் இல்ல, நல்ல காத்தும் இல்லன்னுட்டாங்க. மார்க் ட்வெயின் இன்னும் மோசம். படிக்கும்போதெல்லாம் ஆஸ்டினைத் தோண்டியெடுத்து அவங்க கால் எலும்பாலயே மண்டையில அடிக்கணும்போல இருக்குன்னு எழுதினார். "படிக்கும்போதெல்லாம்"னா எத்தனை தடவை படிச்சார்னுதான் எங்க ஊர்ல சிரிப்பாங்க.

ஒண்ணும் நடக்கலன்னு சர்ச்சிலும் நினைச்சார். 1943 டிசம்பர்ல நிமோனியா வந்து வட ஆப்பிரிக்காவுல படுத்திருந்தப்போ மக சாரா இதைப் படிச்சுக் காட்டினாங்க. எவ்வளவு அமைதியா வாழ்ந்திருக்காங்க, பிரெஞ்சுப் புரட்சி, நெப்போலியன் போர்னு எந்தக் கவலையும் இல்லாமன்னு அவருக்குத் தோணுச்சு. அப்போ எலிசபெத் வீட்டுக்குப் பக்கத்து ஊர் மெரிட்டன்ல அத்தனை சிவப்புக் கோட்டுப் பட்டாளத்துக்காரங்க எதுக்கு வந்து முகாம் போட்டாங்களாம்? அந்தப் போர் இல்லன்னா விக்கம் அந்த ஊருக்கே வந்திருக்க மாட்டானே.

என் கதைக்கு வர்றேன். நர்ஸ் வேலைக்கு இங்க, இங்கிலாந்துக்கு வந்து பதினொரு வருஷம். 2017ல புது பத்து பவுண்ட் நோட்டுல ஆஸ்டின் படம் போட்டாங்க. கீழ, படிக்கிறதுபோல இன்பம் வேற எதுலயும் இல்லன்னு ஒரு வரி. எவ்வளவு அழகுன்னு ஊருக்கு போட்டோ அனுப்பினேன். கூட வேலை பார்க்கிற வெள்ளைக்கார அம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அதைச் சொல்றது நாயகன் டார்சியை வளைக்கப் பார்க்குற கரோலின் பிங்லி. டார்சி படிக்கிற புத்தகத்தோட ரெண்டாம் பாகம்ங்கறதுக்காக மட்டும் ஒண்ணைக் கையில எடுத்துக்கிட்டு, அவன் திரும்பிப் பார்க்காததால கொட்டாவி விட்டுக்கிட்டே சொல்ற பொய். நாலு தடவை படிச்சவ நான், ஏமாந்துட்டேன்.

அந்த வெக்கத்துலயே அடுத்த லீவுல சாட்டன் போனேன். ஆஸ்டின் கடைசி எட்டு வருஷம் இருந்த வீடு. சாப்பாட்டு ரூம்ல ஜன்னலோரமா ஒரு மேசை, பன்னிரண்டு பட்டை வெச்சது. நம்ம வீட்டுல தண்ணிக் குடம் வைக்கிற முக்காலி அளவுதான் இருக்கும். இதுமேலயா எழுதினாங்கன்னு நின்னுட்டேன். நாவல் வீட்டுக்கு வந்ததும் அதே ஊர்ல இருந்த மிஸ் பென்னை உக்கார வெச்சுப் படிச்சுக் காட்டியிருக்காங்க, எழுதினது யாருன்னு சொல்லாமலே. அவங்களுக்கு எலிசபெத்தை ரொம்பப் பிடிச்சுப் போச்சாம். இன்னொரு நாள் ராத்திரி ஆஸ்டினோட அம்மா படிச்சாங்க. கடகடன்னு ஓட்டிட்டாங்க, ஒவ்வொருத்தரும் பேச வேண்டிய விதத்துல படிக்கத் தெரியலன்னு அக்காவுக்கு எழுதின கடிதத்துல ஒரே குறை. அம்மாங்க எல்லா ஊர்லயும் அம்மாங்கதான்.

யூனிட்3

கல்லூரியில் ஆங்கிலம் எடுக்கிறேன். முப்பத்தைந்தாம் அத்தியாயத்துக்கு, அதாவது விக்கமின் பொய்யை உடைக்கும் டார்சியின் கடிதத்துக்கு, முந்தின நாள் வகுப்பில் கை தூக்கச் சொல்வேன். விக்கம் பக்கம் யார், டார்சி பக்கம் யார்? வருஷா வருஷம் விக்கம்தான் ஜெயிப்பான். டார்சிக்குக் கை தூக்குகிறவர்கள் கைடு வாங்கியவர்கள் அல்லது சீரியல் பார்த்தவர்கள்.

அப்புறம் பதினாறாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போகச் சொல்வேன். விக்கம் அன்றைக்குத்தான் எலிசபெத்திடம் முதன்முதலாக உட்கார்ந்து பேசுகிறான். முன்பின் தெரியாத பெண்ணிடம் டார்சி தனக்குச் செய்த துரோகம் முழுவதையும் கொட்டுகிறான். கொட்டிக்கொண்டே, டார்சியின் அப்பா மேல் உள்ள மரியாதைக்காக மகனை நான் அம்பலப்படுத்தவே மாட்டேன் என்கிறான். எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, ஆஸ்டின் எதையும் ஒளிக்கவில்லை. ஆனால் ஆள் பார்க்க லட்சணம்.

போன வருஷம் ஒரு மாணவி, பின் பெஞ்ச், வாயே திறக்காதவள், எழுந்து, "சார், நம்மள அசிங்கமா பேசினவன் கெட்டவன்னு யாராவது சொன்னா உடனே நம்பத்தானே சார் தோணும்" என்றாள். 'டாலரபிள்', அதாவது 'ஏதோ சுமார்' என்று டார்சி அவளைப் பற்றிச் சொன்ன ஒரு சொல்லிலிருந்துதான் எலிசபெத்தின் தீர்ப்பு தொடங்குகிறது என்பதை நான் இருபது நிமிஷம் போர்டில் எழுதி விளக்குவது வழக்கம். அன்றைக்குச் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரு புகாரும் உண்டு, மாணவர்கள் சொல்வது. இரண்டாவது முறை டார்சி காதலைச் சொல்லும்போது அவன் பேச்சை ஆஸ்டின் எழுதவே இல்லை. கடுமையாகக் காதலிக்கிற ஒருவன் எவ்வளவு விவேகமாகவும் கனிவாகவும் பேச முடியுமோ அப்படிப் பேசினான் என்று முடித்துவிடுகிறார். "நானூறு பக்கம் காத்திருந்தோம் சார்!" நியாயமான கோபம். என்னிடம் பதில் இல்லை.

கடன்பிரிவு

சீரியல்னு சொன்னதும் ஞாபகம் வருது சார். 1995 பிபிசி தொடர்ல டார்சி குளத்துல குதிச்சு நனைஞ்ச சட்டையோட வர்ற சீனைப் பார்த்துட்டு, அதுக்காகவே புத்தகத்தைத் திறந்து அவன் மாளிகை பெம்பர்லி வர்ற அத்தியாயத்தை மூணு தடவை தேடினவ நான். குளமும் இல்ல, ஈரமும் இல்ல. குதிரை லாயப் பக்கமிருந்து வர்றான், ரெண்டு பேருக்கும் முகம் சிவக்குது, அவ்வளவுதான்.

வெயில்நதி அக்கா, அந்த ஃப்ரெண்டுகிட்ட சார்லட் கதையைச் சொன்னீங்களா?

வெயில்நதி

சொல்லலம்மா. நீதான் சார்லட்னு எப்படிச் சொல்றது? போன மாசம் அவ பிறந்தநாளுக்குப் புத்தகத்தை அனுப்பி வெச்சேன். பயமாத்தான் இருந்துச்சு. பத்து நாள் பேச்சே இல்ல.

நேத்து ராத்திரி ஒரு வாட்ஸ்அப். காலின்ஸ் வீட்டை விட்டு வெளியே போகட்டும்னு சார்லட் அவனைத் தோட்ட வேலைக்கு உசுப்பேத்துவாளே, உடம்புக்கு நல்லதுன்னு சொல்லி. அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தா. கீழ ஒரே வரி:

"மொட்டைமாடிக்கு எட்டு தொட்டி, ரெண்டு மூட்டை செம்மண் சொல்லிட்டேன்."